பிரதேச மக்களும் தொலைக்காட்சிச் செய்தியும்

நமது நாட்டிலே தொலைக்காட்சி தோன்றி நான்கு தசாப்தங்களுக்கு மேலாகின்றது. 1979ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆந் திகதி தனியார் முயற்சியாக ஆரம்பித்த சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை, அதே ஆண்டு யூன் மாதத்திலேயே அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. 1982 பெப்ருவரி 15ஆந் திகதி யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி உதயமாயிற்று. இந்த நாற்பது ஆண்டுகளுள் தொலைக்காட்சி நாடகம் பற்றியும், அதில் நடமாடும் சினிமா மோகம் பற்றியும், தென்னிந்தியத் தொடர்கள் நம் இல்லங்களை ஆக்கிரமித்துக்கொண்டமை பற்றியும் நம் விமரிசகர்கள் நிறையவே எழுதியுள்ளனர். ஆயின், இரவுதோறும் அரைமணி நேரம் நம் மக்கள் கண்கொட்டாமல் பார்க்கும் செய்தியறிக்கையை விமரிசனத்துக்குரிய பொருளாக அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை. கதை கற்பனை, செய்தியோ உள்ளது உள்ளபடி, ஆகவே அதில் விமரிசிக்க என்ன இருக்கின்றது என்ற மனோபாவமே இதற்குக் காரணம் எனலாம்.

இந்த மனோபாவம் தவறானது. செய்தியும் ஒரு சிருஷ்டியே. நடந்தவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஏனையவற்றை விலக்கி, எடுத்ததற்கு ஒரு வரிசை வகுத்து, ஒரு மொழிநடையில் பொதிந்து, ஒரு குரலில் நமக்கு வழங்குகின்றார்கள். தெரிவு எங்கேயுண்டோ அங்கே நோக்கமுண்டு. வரிசை எங்கேயுண்டோ அங்கே மதிப்பீடுண்டு. எனவே, ஒரு நாவலைப் பார்த்து, 'இதில் பேசுபவன் யார்? யாருடைய வாழ்வு இதில் இடம்பெறவில்லை?' என்று கேட்கும் நாம், அதே கேள்விகளைச் செய்தியறிக்கையிடமும் கேட்டேயாக வேண்டும். கேள்வி பொத்தாம்பொதுவாகப் போய்விடாதிருக்கும் பொருட்டு, ஓர் ஊரை முன்வைத்தே அதனைக் கேட்போம்.

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், நகரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரத்தில், கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே இருப்பது புல்மோட்டை. குச்சவெளிப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூரில் பெரும்பான்மையோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள். மீன்பிடியும் விவசாயமும் அவர்களுடைய தொழில்கள். இவ்வூரின் கடற்கரை மணல் உலகப் பிரசித்தமானது. இல்மனைற், றூட்டைல், சேர்க்கோன் முதலிய கனிமங்கள் அம்மணலிலே செறிந்து கிடக்கின்றன. 1957இல் இதற்கெனவே அரசாங்கம் கனியமணல் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. 1992இல் அது லங்கா கனியமணல் கம்பனியாக உருமாறியது. இல்மனைற்றிலிருந்து பெறும் தைத்தானியம் வெண்ணிறச் சாயத்துக்கு மூலப்பொருள். சுவருக்குப் பூசும் வர்ணத்திலும், கடதாசியிலும், பிளாஸ்ரிக்கிலும் உலகம் காணும் வெண்மையின் ஒரு பங்கு இத்தகைய கரைகளிலிருந்தே போகின்றது. பெரும்பாலும் மூலப்பொருளாகவே அது கப்பலேறுகின்றது.

இத்துணைச் செல்வம் படைத்த ஓர் ஊர் எப்பொழுதெல்லாம் செய்தியாயிற்று? 1997 செப்டெம்பரில் கனியமணல் ஏற்றவந்த 'கோர்டியாலிற்றி' என்னும் கப்பல் புல்மோட்டைக் கடலிலே தாக்கப்பட்டபோது செய்தியாயிற்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அடித்தபோது செய்தியாயிற்று. 2009 மார்ச் மாதத்தில், வன்னிக் கரையிலிருந்து கப்பல்களிலே கொண்டுவரப்பட்ட காயக்காரர்களுக்காக இந்திய மருத்துவக் குழுவொன்று இங்கு கள மருத்துவமனை அமைத்தபோது செய்தியாயிற்று. இவை யாவும் செய்திகளே, மறுப்பாரில்லை. ஆனால் மூன்றிலும் புல்மோட்டை ஒரு களமாக மாத்திரமே வந்து போகின்றது. கப்பல் அயலாருடையது, அலை கடலுடையது, யுத்தம் இரு படைகளுடையது. கப்பல் எரிந்து முடிந்ததும், அலை வடிந்ததும், கூடாரம் கழற்றப்பட்டதும், ஒளிப்படக் கருவி ஊரை விட்டுப் போய்விடுகின்றது. அங்கே மறுநாட் காலையிலும் மனிதர்கள் எழுந்து வலையிழுக்கப் போனார்கள் என்பது செய்தியறிக்கைக்குத் தேவைப்படவில்லை.

இக்குறை தனி நிருபர் எவரது சோம்பலாலும் விளைந்ததன்று. அது செய்தியறிக்கையின் உருவத்திலேயே அமைந்து கிடப்பது. நமது தமிழ்ச் செய்தியறிக்கைகளின் பொதுவான ஒழுங்கைச் சற்று நோக்குவோம். சனாதிபதி, அமைச்சர், பாராளுமன்றம் என்ற வரிசையில் கொழும்பு முதலிடம் பெறும். பின்னர் நீதிமன்றமும் பொலிசும் வரும். பிராந்தியச் செய்திகள் என்ற தலைப்பிலே மாகாணங்கள் யாவும் சில நிமிடங்களுள் அடைபட்டுவிடும். அங்கேயும் கட்டடத் திறப்பு விழா, நிவாரணப் பொதி வழங்கல், பரிசளிப்பு என்பனவே மிகுதி. மேடையிலிருப்பவருக்கு முகமும் பெயரும் பதவியும் உண்டு. பொதியைப் பெற்றுக்கொள்ள வரிசையில் நிற்பவருக்கோ கைகள் மாத்திரமே உண்டு.

இனி மொழிநடையைப் பார்ப்போம். 'காணிகள் சுவீகரிக்கப்பட்டன', 'மீனவர்கள் பாதிக்கப்பட்டுள்ளனர்', 'நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்படுகின்றது' என்றவாறான வாக்கியங்கள் நம் செவிக்குப் பழகிப்போய்விட்டன. சுவீகரித்தவர் யார்? பாதித்தது எது? நடவடிக்கை எடுக்கப்போகின்றவர் எவர்? செய்யப்பாட்டு வினை இக்கேள்விகளைக் கேட்கவிடாமல் தடுக்கின்றது. பிரதேசத்து மனிதர் இவ்வாக்கியங்களில் இடம்பெறும்போதெல்லாம், ஏதோவொன்று அவர்மீது நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. அவர் எதையுஞ் செய்வதில்லை. வழக்குத் தொடுத்த விவசாயி, சங்கம் அமைத்த தொழிலாளி, கடலுக்குப் போன கணவன் மீளாதபோது கச்சேரிப் படியேறிய பெண் ஆகியோர் எழுவாயாக நிற்கும் வாக்கியங்கள் மிக அரிதாகவே நம் தொலைக்காட்சியில் ஒலிக்கின்றன. இலக்கணப் புத்தகத்தில் இது வெறும் வாக்கிய வகை. செய்தியறிக்கையில் அது ஒரு சமூக உறவின் வெளிப்பாடு என்பது மனங்கொளத்தக்கது.

இந்நிலைமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. இலங்கையில் ஒலிபரப்பு 1925இல் கொழும்பிலே தோன்றி, 1949இல் ரேடியோ சிலோனாகி, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. நிலையமும் அதிகாரமும் எக்காலத்தும் தலைநகரிலேயே குவிந்திருந்தன. பிரதேசங்களுக்கெனத் தனிச்சேவை வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு ஒருகாலத்தில் உதித்ததுண்டு. 1979இல் அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவை தொடங்கிற்று. றுகுணு சேவையும் கண்டிச் சேவையும் அதனைத் தொடர்ந்தன. 1981இல் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் துணையுடன் மகாவலிச் சமுதாய வானொலி குடியேற்றவாசிகளிடையே சென்று அவர்கள் குரலையே பதிவுசெய்து ஒலிபரப்பியது. 1989இல் கொத்மலைச் சமுதாய வானொலி எழுந்தது. இவை பாராட்டத்தக்க முயற்சிகளே. ஆனால் அந்த முதல் வரிசையிலே திருகோணமலை இடம்பெறவில்லை. தன் ஊர்க் குரலைக் கேட்கும் உரிமை பெரும்பாலும் சிங்களக் கிராமவாசிக்கு வழங்கப்பட்ட அதே வேளையில், தமிழ் பேசும் கிழக்கு மகனுக்குக் கொழும்பின் தமிழே போதுமெனக் கருதப்பட்டது.

தனியார்த் துறை வந்தால் நிலைமை மாறும் என நம்பியோருமுண்டு. 1998இல் சக்தி தொலைக்காட்சி தோன்றியது. 2009இல் சுயாதீனத் தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசையாக வசந்தம் வந்தது. தமிழில் ஒளிபரப்பு நேரம் பன்மடங்கு பெருகிற்று. இதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து டான் தொலைக்காட்சி இயங்கியமையும் ஒரு முன்னேற்றமே. எனினும், தமிழில் பேசுவது ஒன்று. தமிழ் பேசும் பிரதேசத்திலிருந்து பேசுவது மற்றொன்று. விளம்பரதாரருக்கு வேண்டியது வாங்கும் சக்தி படைத்த பார்வையாளர். நகரத்து மத்தியதர வர்க்கத்தவரே அவர்கள். குச்சவெளிக் கரையின் கரைவலைத் தொழிலாளி அவர்களது கணக்கிலே ஒரு பார்வையாளராகக்கூட நிறை பெறுவதில்லை.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சுட்டாமலிருக்க முடியாது. ஒலிபரப்புத் துறையில் திருகோணமலை பின்தங்கிய மாவட்டமே அன்று! 1984இலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஜேர்மனியின் டொய்ச்செ வெல்லெ வானொலி, தன் அஞ்சல் நிலையத்தை இம்மாவட்டத்திலேயே வைத்திருந்தது. சக்தி வாய்ந்த அந்த ஒலிபரப்பிகள் ஆசியாக் கண்டத்தின் பல பாகங்களுக்கும் உலகச் செய்திகளை வீசின. 2013ஆம் ஆண்டளவில் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. இன்னுமொன்று: 1987 யூலை 29ஆந் திகதி இலங்கை–இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகம் பற்றிய உறுதிமொழியோடு, அந்நிய ஒலிபரப்பு ஸ்தாபனங்களின் வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதவாறு பார்த்துக்கொள்ளப்படும் என்ற வாசகமும் இடம்பெற்றது. இரு அரசுகள் உட்கார்ந்து, இந்நாட்டின் வானலைகளில் எவர் எதனை அனுப்புகின்றார் என்று கவலைப்பட்டன. ஆனால் திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்கும், மூதூரிலிருந்து புல்மோட்டைக்கும் ஒரு செய்தி போவதற்கு வழியுண்டா என்பது எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகவேனும் எழுதப்படவில்லை. மணலைப் போலவே வானமும் இவ்வூராரின் தலைக்கு மேலே பிறருக்குப் பயன்பட்டது.

'சிற்றூருக்கெல்லாம் செய்தி நிலையம் நடக்குமா? அதற்கு வேண்டிய சனத்தொகை உண்டா? பணம் உண்டா?' என்று விவேகிகள் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்குக் கனடாவின் வரலாறு நல்ல விடை தருகின்றது. நம்மவர் இலட்சக்கணக்கில் குடியேறி வாழும் நாடாகையால், அவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று.

கனடாவில் 1952 செப்டெம்பரில் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் பொதுத்துறை ஸ்தாபனமான சி.பி.சி. தொலைக்காட்சியை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் நாட்டின் முதலாவது தனியார் நிலையம் தோன்றியது. அது தோன்றிய இடம் பெருநகரமன்று. வட ஒன்ராறியோவில் நிக்கல் தோண்டும் சட்பரி என்னும் சுரங்க நகரம்! சி.பி.சி. எட்டாத ஊர்களில் உள்ளூரார் நிலையம் அமைக்கலாம், ஆனால் சி.பி.சி. நிகழ்ச்சிகளையும் ஒளிபரப்ப வேண்டும் என்பது அன்றைய அரசின் விதி. இவ்விதியினால் தேசிய நிகழ்ச்சியும் ஊர்ச் செய்தியும் ஒரே பெட்டியிலே கூடி வாழ்ந்தன. 1955இல் விங்ஹம் என்னும் ஊர் நிலையம் அமைத்தது. அங்கு வாழ்ந்தோர் சில ஆயிரம் பேரே. சுற்றுப்புறத்து விவசாயிகளுக்கு அந்நிலையம் பணிபுரிந்தது. புல்மோட்டையை விடப் பெரிதல்லாத ஊரொன்றுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இது சாத்தியமாயிற்று என்றால், சனத்தொகை என்ற வாதம் வலுவிழந்துவிடுகின்றது.

கனடாவை நாம் சொர்க்கமாகச் சித்திரிக்க வரவில்லை. வரலாற்றின் மறுபாதி கசப்பானது. ஊர் நிலையங்கள் தசாப்தந் தசாப்தமாகப் பெரும் கம்பனிகளால் விழுங்கப்பட்டன. 1990 டிசெம்பரில் வரவுசெலவு வெட்டினால் சி.பி.சி.யே பதினொரு பிரதேச நிலையங்களை மூடியோ குறுக்கியோவிட்டது. 2009இல் விங்ஹம் நிலையமும் மனிற்றோபாவின் பிரண்டன் நிலையமும் மறைந்தன. உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கென ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஏற்படுத்திய நிதியம் 2014இல் முடிவுக்கு வந்தது. 2015 டிசெம்பரில் ஹமில்ற்றன் நகர நிலையத்தின் செய்திக் கம்பனி வங்குரோத்தாகி, செய்தி நேரம் பெருமளவு சுருங்கிற்று. 2024 பெப்ருவரியில் பெல் கம்பனி ஆயிரக்கணக்கானோரை வேலைநீக்கஞ் செய்து, பல ஊர்களின் மதியச் செய்தியையும் வார இறுதிச் செய்தியையும் ஒருங்கே நிறுத்தியது. சந்தையின் கையில் விட்டால் ஊர்ச் செய்திக்கு நேர்வது இதுவே. உள்ளூர் முதலாளி ஏகபோகத்துக்கு விற்கிறான். ஏகபோகம் இலாபமில்லாததை வெட்டுகின்றது. ஊர் மீண்டும் ஊமையாகின்றது.

அதே கனடாவின் வடதுருவத்திலே இதைவிட முக்கியமான பாடம் ஒன்றுண்டு. இக்லூலிக் என்னும் இனுவிட் மக்களின் சிறு குடியிருப்புக்குத் தொலைக்காட்சி வர இருந்தபோது, அவ்வூரார் 1975இலும் 1979இலும் வாக்கெடுத்து அதனை நிராகரித்தனர். அவர்கள் பழமைவாதிகளல்லர்; தம் மொழியும் தம் வாழ்வும் இல்லாத பெட்டி தமக்கு எதற்கு என்பதே அவர்களது கேள்வி. இனுவிட் மக்களுக்கெனத் தனி ஒளிபரப்பு ஸ்தாபனம் உருவான பின்னரே, 1983இல் அவர்கள் தொலைக்காட்சியை ஏற்றனர். 1999இல் பூர்வகுடி மக்களின் தேசிய வலையமைப்பும் எழுந்தது. கேட்காமல் கொடுக்கப்பட்டதை மறுத்து, வேண்டியதைக் கேட்டுப் பெற்ற இம்மக்களிடமிருந்து, கொடுத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் கற்க வேண்டியது அதிகம்.

பனிநாட்டு உதாரணம் நமக்குப் பொருந்தாது என்பாருக்கு அயல் நாடாகிய இந்தியாவையே காட்டலாம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1975இல் பிஜ் என்னும் கிராமத்திலே ஒரு சிறு ஒளிபரப்பி நிறுவப்பட்டது. அஹமதாபாத்தின் விண்வெளி ஆய்வு நிலையத்தார் கிராமங்களுக்குச் சென்று, விவசாயக் கூலிகளையும் தாழ்த்தப்பட்டோரையும் அவர்களது சொந்தப் பேச்சு மொழியிலேயே பேசவைத்தனர். கூலி மோசடியும் தீண்டாமையும் நாடகமாகவும் விவரணமாகவும் அதே கிராமத்து முற்றத்திலே காட்டப்பட்டன. யுனெஸ்கோவின் பரிசும் அத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஆயினும் 1980களின் நடுப்பகுதியிலே, பெருநகர ஒளிபரப்பு விரிவடைந்தபோது, பிஜ் ஒளிபரப்பி நிறுத்தப்பட்டது. பத்தாண்டு வெற்றிகரமாக இயங்கிய ஒன்று பணமின்மையாலோ திறமையின்மையாலோ மறையவில்லை. மையத்துக்கு அது தேவைப்படாமற் போனதே காரணம்.

பிரதேசச் செய்தி என்பது பிரதேசத்தாரின் பெருமைக்கான அலங்காரமன்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதியை நினைவுகூர்வோம். அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின்னர் அலை முதன்முதலில் நமது கிழக்குக் கரையையே தாக்கியது. தீவைச் சுற்றிக்கொண்டு அது தென்மேற்குக் கரைக்குப் போய்ச் சேர மேலும் நேரம் எடுத்தது. காலிக்கு அண்மையிலுள்ள பெரேலியவில் ஒன்பதரை மணியளவில் ஒரு புகைவண்டி அலையில் அகப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கரையில் மக்கள் கதறிய கதறல் அந்த இடைநேரத்துள் மேற்குக் கரைக்கு எட்டவில்லை. கிழக்கில் ஊர்தோறும் ஒரு நிருபரும், அவர் சொல்வதை உடனே ஒலிபரப்பும் ஒரு நிலையமும், அதைக் கேட்டு நம்பும் ஒரு தலைநகரும் இருந்திருப்பின், அந்தப் புகைவண்டி வழியிலே நிறுத்தப்பட்டிருக்கக்கூடும். கிழக்கின் வாயை அடைத்ததன் விலையைக் கிழக்கு மாத்திரம் கொடுக்கவில்லை. சிங்களத் தாய்மாரும் தம் பிள்ளைகளைக் கொடுத்தனர்.

ஊர்ச் செய்திக்கு உயிர்நாடியாவது ஒளிபரப்பியன்று. ஊரிலே வாழும் நிருபரே. கொழும்பிலிருந்து வந்து போகும் செய்தியாளர் எழுதியதற்கு யாருக்கும் முகங்கொடுக்க வேண்டியதில்லை. ஊரில் வாழ்பவரோ மறுநாட் சந்தையிலே தாம் எழுதிய மனிதரைச் சந்தித்தேயாக வேண்டும். அவரது உண்மைக்கு அதுவே காவல்; அவரது உயிருக்கு அதுவே ஆபத்து. 2006 ஜனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்ததாகப் படைத்தரப்பு முதலில் கூறியது. திருகோணமலை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் 'சுடர் ஒளி'யில் வெளிவந்தன. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகம் கண்டது. அதே மாதம் 24ஆந் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் 2000ஆம் ஆண்டு மயில்வாகனம் நிமலராஜனுக்கும், மட்டக்களப்பில் 2004ஆம் ஆண்டு ஐயாத்துரை நடேசனுக்கும் இதே கதி நேர்ந்தது. மூவரும் தத்தம் பிரதேசத்திலிருந்து செய்தி எழுதியவர்கள். தலைநகரின் திரையில் சில நிமிடங்களுக்கு மேல் பெறாத பிரதேசச் செய்தியை, அதிகாரத்தின் துப்பாக்கி மாத்திரம் எத்துணை முக்கியமானதாக மதித்தது என்பதை இம்மரணங்கள் காட்டுகின்றன.

'இப்பொழுதுதான் எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கின்றதே. ஒவ்வொருவரும் தாமே தொலைக்காட்சி நிலையமல்லவா?' என்ற வாதமும் இன்று எழுகின்றது. இதில் ஓரளவு உண்மையுண்டு. முன்னர் வெளியே தெரியாத பல அநீதிகள் இளைஞர்களின் கைத்தொலைபேசியினால் இன்று அம்பலமாகின்றன. ஆனால் காட்சி வேறு; செய்தி வேறு. விசாரித்து, இரு தரப்பையும் கேட்டு, பிழையாயின் திருத்தி, அடுத்த மாதமும் அதே விடயத்தைத் தொடரும் பொறுப்பே செய்தியாகும். இப்பொறுப்பில்லாத காட்சி, கலந்து வாழும் கிழக்கிலே வதந்திக்குக் கைத்தடியாகிவிடுவதையும் நாம் கண்டுள்ளோம். அதுமாத்திரமன்று, அந்த மேடையும் மக்களுடைய சொத்தன்று. செய்திக்குப் பணம் செலுத்தும்படி கனடா சட்டம் இயற்றியதையடுத்து, 2023 ஓகஸ்ற் மாதத்தில் மெற்றா கம்பனி தன் முகநூலில் அந்நாட்டாருக்குச் செய்திகளையே அடைத்துவிட்டது. வல்லரசுகளின் கூட்டாளியான கனடாவுக்கே இக்கதி என்றால், குச்சவெளிப் பிரதேச சபை எம்மாத்திரம்?

இவ்விடத்தில் நம் இலக்கிய வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள், மக்கள் பேசும் மொழி இலக்கியத்தில் இடம்பெறலாமா என்ற பிரச்சினையில், மரபு பேசிய பண்டிதர்களுடன் பெரும் போர் நிகழ்த்தினர். 'இழிசனர் வழக்கு' என்ற வசையையும் தாங்கி, மண்வாசனைக்கு உரிமை கோரினர், வென்றனர். மூதூரின் வ. அ. இராசரத்தினம் 'தோணி'யிலே கடலோரச் சிறுவனின் ஆசையை இலக்கியமாக்கினார். வானொலியிலும் 'விதானையார் வீட்டில்', 'இலண்டன் கந்தையா' முதலிய நாடகங்கள் பேச்சுத் தமிழுக்கு ஆசனமளித்தன. ஆனால் அந்த ஆசனத்தில் அமர்ந்தது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பேச்சே. கிழக்கின் முஸ்லிம் மக்களது பேச்சும், கடலோரத் தொழிலாளரின் சொல்வளமும் ஒலிபரப்பிலே உரிய இடம் பெறவில்லை. கதையில் வென்ற உரிமையைச் செய்தியில் நாம் கோரவேயில்லை என்பதே உண்மை. ஊர் மனிதனைக் கதாபாத்திரமாக ஏற்றுக்கொண்ட சமூகம், அவனைச் செய்தி கூறுபவனாக ஏற்க இன்னும் தயங்குகின்றது.

அவ்வாறு ஏற்றுக்கொண்டால் புல்மோட்டையின் செய்தியறிக்கை என்ன கூறும்? கனியமணல் இவ்வாண்டு எவ்வளவு ஏற்றப்பட்டது, என்ன விலைக்கு விற்கப்பட்டது, அதிலே ஊருக்கு வந்தது எவ்வளவு என்று கூறும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதனைக் கேட்க எவருக்கும் உரிமை தருகின்றது. கேட்டுப் பெற்றதை ஊருக்கு உரத்துச் சொல்லும் வாயே இல்லை. யான் ஓயா பெருகும் காலத்தில் எந்தப் பாதை மூடப்பட்டது, ஆசுபத்திரியில் வைத்தியர் உண்டா, காணி எல்லைக்கல் எவர் உத்தரவில் நாட்டப்பட்டது என்று கூறும். 1984இல் ஊரை இழந்து, கால் நூற்றாண்டுக்குப் பின்னரே திரும்பத் தொடங்கிய அயற்கிராமமாகிய தென்னைமரவாடித் தமிழரின் நிலைமையைப் புல்மோட்டை முஸ்லிமுக்கும், புல்மோட்டையாரின் காணிக் கவலையைத் தென்னைமரவாடித் தமிழருக்கும், இவ்விருவரது வாழ்வையும் பதவியாவின் சிங்கள விவசாயிக்கும் எடுத்துக் கூறும். பக்கத்துப் பக்கத்தில் வாழும் மூன்று சமூகங்களும் ஒருவரைப் பற்றி மற்றவர் அறிவது கொழும்பின் வாயினாலேயே என்ற நிலைமை நீடிக்கும்வரை, அவர்களைப் பிரித்தாள்வது எவருக்கும் இலகுவானதே.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. மாவட்டந்தோறும் அம்மாவட்டத்திலேயே வாழ்ந்து பணியாற்றும், மாதச் சம்பளமும் சட்டப் பாதுகாப்புமுள்ள நிருபர்களை அரச ஒளிபரப்பு ஸ்தாபனங்கள் நியமிக்க வேண்டும். துண்டுச் செய்திக்குத் துண்டுக் காசு என்ற முறை ஒழிய வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி நேரமாவது மாவட்டச் செய்தி தமிழிலும் சிங்களத்திலும் அம்மாவட்டத்திலிருந்தே ஒலிக்க வேண்டும். டொய்ச்செ வெல்லெ விட்டுச்சென்ற நிலையத்தைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தில் இதற்கு வசதியில்லை என்று எவருங் கூற முடியாது. தனியார் அலைவரிசைகளுக்கு வானலையை வழங்கும்போது பிரதேசச் செய்தியை நிபந்தனையாக விதித்தல் வேண்டும். கனடாவின் தொடக்ககால விதி இதற்கு வழிகாட்டி. அதன் பிற்கால வீழ்ச்சி, மேற்பார்வையைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு எச்சரிக்கை. இவற்றோடு, மீனவர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிவாசல், கோயில், விகாரை என்ற எல்லைகளைக் கடந்து தமக்கெனச் சமுதாய ஒலிபரப்பை நடத்த உரிமம் பெறச் சட்டம் இடமளிக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் அதிகாரத்தினரின் கருணையால் கிடைக்கப்போவதில்லை. அதனைக் கோரும் பொறுப்பு எழுத்தாளர்களாகிய நம்முடையதுமாகும். நாவலை மதிப்பிடுவது போல் இரவுச் செய்தியையும் மதிப்பிடுவோம், அதன் எழுவாய்களை எண்ணுவோம், எந்த ஊர் எத்தனை மாதம் பேசப்படவில்லை என்று கணக்கு வைப்போம், அக்கணக்கை அச்சிடுவோம். புல்மோட்டைக் கரையில் மணல் அள்ளுபவரும் வலையிழுப்பவரும் தம் ஊரின் நிகழ்ச்சியைத் தம் பெயரோடு, தம் தமிழில், தாமே எழுவாயாக நின்று சொல்லும் நாளே, தொலைக்காட்சி நமது நாட்டுக்கு முழுமையாக வந்துசேர்ந்த நாளாகும்.